அந்தரத்தில் ஒரு முகம்

பிப்ரவரி 27, வெள்ளி

முதல் இடம்! நம்ப முடியாமல் பக்கத்தை மூடி மூடித் திறந்து பார்த்தேன். இந்த வாரம் தளத்தில் அதிகம் படிக்கப்பட்ட படக்கதை என்னுடைய ‘அந்தரம்’. ஐப்பசியில் தொடங்கியதிலிருந்து காதல் கதைகளுக்கும் பேய்க் கதைகளுக்கும் கீழே கிடந்து புழுங்கியவள் நான். இன்று சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “ஒடம்புக்கு என்னடி?” என்றாள். அவளிடம் சொல்லிப் பயனில்லை. ஜப்பான்காரர்கள் மங்கா என்று வரைகிறார்களே, அதே மாதிரி நானும் தமிழில் வரைகிறேன் என்றால், “கடை வேலைய ஒழுங்காப் பாரு” என்பாள்.

கதையை ஒரு தடவை இங்கேயும் எழுதி வைக்கிறேன், பின்னால் பேட்டி கேட்டால் உளறாமல் சொல்ல வேண்டும் அல்லவா. இன்னும் முந்நூறு வருடம் கழித்து, பூமிக்கு மேலே ஒரு கோளம் சுற்றிக்கொண்டிருக்கிறது. சாகிறவனின் கடைசி மூச்சோடு அவன் உடலையும் நினைவையும் ஓர் இயந்திரம் நகல் எடுத்து அந்தக் கோளத்துக்குள் போட்டுவிடும். செத்தவர்கள் அங்கே கண் விழித்து, உயிரைப் பணயம் வைத்து ஆட்டங்கள் ஆட வேண்டும். தோற்றவனின் நகலும் அழிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் எங்குமே இல்லை. கடைசியில் ஜெயிக்கிற ஒருவன் மட்டும் பூமிக்குத் திரும்பலாம்.

இன்று வந்த பத்தொன்பதாவது அத்தியாயத்தில் தண்ணீர் ஏறும் அறை. எல்லோருக்கும் செல்லமான கண்டக்டர் சிங்கராயரை, கூடவே இருந்த நிலன் கறுப்புத் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கதவைத் தாண்டி ஓடுகிறான். கீழே கருத்துகளில் ஒரே சாபம். “நிலன் நாசமாப் போக.” “இவன் மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன்.” ஒருவர் மட்டும், “நிலன் முகம் நிஜ ஆள் மாதிரியே இருக்கே, யார் அது?” என்று கேட்டிருந்தார். முழுக்கக் கற்பனை என்று பதில் போட்டேன்.

மார்ச் 2, திங்கள்

கடையில் இன்று இரண்டு காதுகுத்து, ஒரு பூப்புனித நீராட்டு, மூன்று சாவு. மேலூரில் பிளக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குப் பஞ்சாங்கமே தேவையில்லை, நல்ல நாள் கெட்ட நாள் எல்லாம் தானாகவே வாசலுக்கு வந்துவிடும் என்று சோணைமுத்து அண்ணன் சொல்வார். கடை அவருடையது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மட்டும் என்னிடம்தான் வரும். என் கை பட்டால் செத்தவர் முகத்தில் களை வரும் என்பார்.

சாவு வீட்டுக்காரர்கள் நல்ல போட்டோவோடு வருவதே இல்லை. யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தோடு கூட்டமாக நின்ற படம், ஆதார் அட்டைப் படம், பேரனைத் தூக்கிக்கொண்டிருக்கும் படம். அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைச் சட்டையை ஒட்டுவேன். அந்தச் சட்டையை ஒரு தடவை சோணைமுத்து அண்ணனை நிற்கவைத்து எடுத்தது. எங்கள் கடை மூலமாகப் போன அத்தனை ஆண்களும் அவர் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அவருக்கு அது தெரியும், நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

முகங்களை நான் ஒரு தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். ‘அந்தரம்’ ஆட்களுக்கு அங்கிருந்துதான் முகம். எனக்கு முகம் வரையத் தெரியாமல் இல்லை. ஆனால் கற்பனையில் வரைந்தால் எல்லோரும் ஒரே மாதிரி அழகாக வந்துவிடுகிறார்கள். செத்தவர்களைப் பற்றிய கதைக்குச் செத்தவர்களின் முகம் இருந்தால் என்ன குற்றம்? சென்னையில் உட்கார்ந்திருக்கும் தளத்துக்காரர்களுக்கும் வாசகர்களுக்கும் மேலூர்க்காரர் யாரையும் தெரியாது. நானும் ‘கூகை’ என்ற புனைபெயரில்தான் போடுகிறேன்.

தள்ளிவிடும் காட்சி எப்படித் தோன்றியது என்று தளத்தின் ஆசிரியர் நிவேதன் கேட்டார். சும்மா தோன்றியது என்றேன். தண்ணீரை ஏன் கறுப்பாக வைத்தீர்கள் என்றார். கறுப்பு நிரப்புவது சுலபம் என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

இருபதாவது அத்தியாயமும் முதலிடம். அடுத்த ஆட்டத்தில் யார் அழிய வேண்டும் என்று வாசகர்களிடம் ஓட்டுக் கேட்கலாம் என்கிறார் நிவேதன். சரி என்றேன். முடிவு என்னவென்று கேட்கவே வேண்டாம், நிலனை உரித்துத் தொங்கப் போடத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள். “புஸ்தகமாப் போடலாம் ஜோதி, ஒரு பதிப்பகத்துல பேசிட்டிருக்கேன்” என்றார்.

அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

இன்று கடைக்கு ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தார்கள். பெரியவர் பெயர் அழகுமலை. மகள் ரோகிணி, கல்லூரியில் படிக்கிற பெண். பக்கத்து ஊர்தான், ஊர் பெயரை எழுதக் கை வரவில்லை. மாதக் கடைசியில் மகன் தினகருக்கு வருஷம் திரும்புகிறது, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போட வேண்டும் என்றார்.

தினகர் யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பேரைக் கேட்டதுமே கை மவுஸில் அப்படியே நின்றுவிட்டது.

“போட்டோ போன வருஷம் குடுத்ததே இருக்குங்கய்யா, அதையே போட்ருவோம்” என்றேன்.

“அது வேணாம் தாயி. அதுல அவென் எவன் சட்டையவோ போட்டுக்கிட்டு முறைச்சுக்கிட்டு நிக்கிறான். பாப்பா, காட்டு.”

ரோகிணி கைபேசியை நீட்டினாள். என் மூன்றாவது அத்தியாயம். தொங்கு பாலத்தின் மேல் நிலன் முடி பறக்கச் சிரித்துக்கொண்டே ஓடுகிற படம். அந்த முடியை வரைய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

“எம்மகன் மாதிரியே இருக்கான் பாரு. அச்சு அசல். எவனோ எங்கேயோ ஒக்காந்து வரைஞ்சிருக்கான், எப்புடித்தான் வந்துச்சோ தெரியல. வெள்ளிக்கிழமையான்னா பாப்பா எடுத்துக் காட்டும். ஓடுறான், ஏறுறான், பேசுறான். செத்த பொறவு எங்க இருக்கான்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கு தாயி. இந்தப் படத்தப் போட்டுக் குடு.”

நான் என்ன சொன்னேன்? “அதுக்குக் காப்புரிமை இருக்கும்ங்கய்யா, நம்ம எடுத்துப் போட்டா கேஸ் ஆயிரும்” என்றேன். நான். அடுத்த வீட்டுப் பிணத்தின் முகத்தைத் திருடி வைத்திருக்கிறவள், முகத்துக்குச் சொந்தக்காரரிடம் காப்புரிமை பேசுகிறேன். சொல்லும்போதே காது சுட்டது.

பெரியவர் நம்பினார். அதுதான் தாங்கவில்லை. “அப்ப வரைஞ்சவன் யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுவியா? நீ கம்ப்யூட்டர்ல இருக்குற புள்ள. ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுப் போட்டுக்கலாம்” என்றார். பார்க்கிறேன் என்றேன். போகும்போது, நல்லா இருப்ப தாயி என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

பத்தொன்பதாவது அத்தியாயத்தை ரோகிணி அப்பாவுக்குக் காட்டவில்லை என்பது அவள் கைபேசியை அவசரமாக உள்ளே வைத்த விதத்திலேயே தெரிந்தது.

மார்ச் 10, செவ்வாய்

எதுவும் வரையவில்லை. தைலம் வாங்கினேன்.

மார்ச் 13, வெள்ளி

ஓட்டு முடிந்தது. எதிர்பார்த்ததுதான். இந்த வாரம் அத்தியாயம் போடவில்லை, காய்ச்சல் என்று நிவேதனிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

ரோகிணி தனியாக வந்தாள். கல்லூரிப் பையோடு நேரே என் மேசைக்கு வந்து நின்றாள். வரைந்தவர் யாரென்று தெரிந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். சோணைமுத்து அண்ணன் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு, வெளியே டீ குடிக்கப் போய்விட்டார். பெண்கள் அழுதால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

விஷயம் இதுதான். போன வருடம் தினகரும் அவன் சிநேகிதன் சபரியும் மூடிக்கிடக்கும் கல்குவாரித் தண்ணீரில் ஒன்றாகச் செத்துப்போனார்கள். பார்த்தவர் யாருமில்லை. சபரியைத் தினகர்தான் தள்ளிவிட்டான், பிறகு பயந்துபோய் இறங்கி அவனும் மாட்டிக்கொண்டான் என்று அப்போதே ஒரு பேச்சு. மெல்ல அடங்கியிருந்தது. இப்போது நிலன் சிங்கராயரைத் தள்ளிவிடுகிற அந்த ஒரு படத்தை மட்டும் வெட்டி எடுத்து எவனோ ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான்.

“சபரி பெரியப்பா தொரச்சிங்கம் இருக்காருல்ல, அவரு சொல்றாருக்கா, ‘பாத்தவன் எவனோதான் வரைஞ்சிருக்கான். இல்லாட்டி மூஞ்சி எப்புடி வரும், தண்ணி எப்புடி வரும்’னு. ஊரே அதையே பேசுது. ஞாயித்துக்கெழம கூட்டம் போடுறாய்ங்க. இந்தத் தடவ சாமி கும்புடுல எங்க வீட்டு மொளப்பாரிய எடுக்க விடமாட்டாய்ங்களாம்.”

முளைப்பாரி எடுக்க விடவில்லை என்றால் அந்த வீடு ஊரோடு இல்லை என்று அர்த்தம். நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்க மாட்டார்கள்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“எல்லாந் தெரிஞ்சுபோச்சு. அந்தப் படத்தப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. வரைஞ்ச ஆளக் கண்டுபிடிச்சா இதச் சொல்லச் சொன்னாருக்கா. ‘ஆட்டத்துல அவென் தோக்கட்டும், செத்துக்கூடப் போகட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஏற்கெனவே செத்தவந்தான. தள்ளிவிட்டான்னு மட்டும் இருக்க வேணாம்’னு.”

அப்போது சொல்லியிருக்கலாம். கடையில் யாருமில்லை, அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள், என் வாயில் நாக்கு இருந்தது. “நான் எப்புடியாச்சும் பேசிப் பாக்குறேன்” என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு நானே தூதுவர்.

மார்ச் 18, புதன்

தள்ளிவிடும் காட்சி சும்மா தோன்றியது என்று முன்னால் எழுதியிருந்தேன். அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், என் லட்சணத்துக்கு அதுவும் சாட்சிதான்.

போன வருடம் இரண்டு போஸ்டரும் ஒரே நாளில் எங்கள் கடையில்தான் அடித்தோம். தினகருக்கு அவன் மாமன் முறைக்காரர் யாரோ வந்து கொடுத்துவிட்டுப் போனார். சபரிக்கு வந்தவர் துரைச்சிங்கம். நல்ல உயரம், முரட்டு மீசை, அழுது வீங்கிய கண். சபரியின் முகத்தை நான் வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கூட வந்தவரிடம் புலம்பிக்கொண்டிருந்தார். “அந்தப் பயதான்டா தள்ளிவிட்ருப்பான். சும்மா வெளையாட்டுக்குத் தள்ளிவிட்ருப்பான். கறுப்பாக் கெடக்குய்யா தண்ணி, ஆழம் எவனுக்குத் தெரியும்.” நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது முழுக்கப் பின்னாலேயே இருந்தது. நல்ல காட்சியாக இருக்கிறதே என்று நினைத்தேன். அந்த இடத்தில், அந்த மனுஷன் அழுதுகொண்டிருக்கும்போது, அப்படித்தான் நினைத்தேன்.

அதாவது முகத்தை மட்டும் எடுக்கவில்லை. பழியையும் சேர்த்தே எடுத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

புத்திசாலித்தனம் என்று நினைத்து ஒன்று செய்தேன். பத்தொன்பதாவது அத்தியாயத்தில் நிலனின் கையை அழித்துவிட்டேன். இப்போது சிங்கராயர் தானாகவே வழுக்கி விழுகிறார், நிலன் பக்கத்தில் சும்மா நிற்கிறான். சத்தமில்லாமல் மாற்றிப் பதிவேற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். பிரச்சினை தீர்ந்தது, யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று பஸ்ஸில் ஒரு சந்தோஷம் கூட இருந்தது.

மத்தியானத்துக்குள் வாசகர்கள் பிடித்துவிட்டார்கள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ஏன் மாத்துனீங்க? யாருக்குப் பயந்தீங்க?” என்று குடைகிறார்கள். நிவேதன் போனில் கத்தினார். “ஹிட்டான சீனைப் போய் எவனாவது கெடுப்பானா?”

சாயங்காலம் ரோகிணியிடமிருந்து குறுஞ்செய்தி. “அக்கா, படத்த மாத்திட்டாங்க. இப்ப இன்னும் மோசம். யாரோ மெரட்டுனதாலதான் மாத்திருக்கான், அப்ப உண்மைதான்னு சொல்றாங்க. அப்பாதான் ஆள் வச்சு மெரட்டுனாராம்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

போனேன்.

அம்மாவிடம் ஆர்டர் விஷயம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரையில் வரைகிற என் வரைபலகையையும் எடுத்துக்கொண்டேன், வரைந்தது நான்தான் என்று நம்ப மாட்டார்கள் என்று. அவர்கள் ஊர்க் கோயில் முன்னால் புங்க மரத்தடியில் ஆண்கள் பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ரேஷன் கடைச் சுவரோரம். அழகுமலை ஒரு பக்கமாக, துண்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கண்டுபிடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

தலைவர் என்று நடுவில் இருந்தவர், “யாரும்மா நீ?” என்றார்.

“பிளக்ஸ் கடையில வேலை பாக்குறேன். அந்தப் படக்கதைய வரைஞ்சது நான்தான்.”

கூட்டத்தில் சலசலப்பு. பொம்பளப் புள்ளையா என்றார் ஒருவர். வரைபலகையைத் திறந்து நிலனை ஒரு தடவை வரைந்து காட்டினேன். அந்த முகம் பிசகாமல் வந்தது. அவ்வளவு பழகிய முகம். அழகுமலையின் பக்கம் திரும்பும் தைரியம் எனக்கு இல்லை.

துரைச்சிங்கம் எழுந்தார். “அப்ப நீ பாத்தியா? குவாரியில நீ இருந்தியா?”

“இல்லைங்க. நான் அந்தப் பக்கமே போனதில்ல.”

“அப்பறம் யாரு சொல்லி வரைஞ்ச? ஒருத்தரும் சொல்லாமலா அம்புட்டுத் தெளிவா வரையிற? யாருன்னு சொல்லு. அந்த ஆளக் கொண்டாந்து நிறுத்து.”

வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது ‘எல்லாம் என் கற்பனை’ என்பதைத்தான். யாருக்கும் வலிக்காத பொய். அந்தப் பொய்யை அந்தக் கூட்டம் நம்பியிருக்காது. என் வாயிலும் அது வரவில்லை.

“நீங்கதாங்க சொன்னீங்க” என்றேன்.

“நானா? ஏய், என்ன பேசுற?”

“போன வருஷம் போஸ்டருக்கு வந்தப்ப, எனக்குப் பின்னாடி ஒக்காந்து பேசுனீங்க. வெளையாட்டுக்குத் தள்ளிவிட்ருப்பான், தண்ணி கறுப்பாக் கெடக்குன்னீங்க. அதக் கேட்டுத்தான் வரைஞ்சேன். வேற யாரும் எனக்குச் சொல்லல. நீங்க சொன்னத நான் வரைஞ்சேன், நான் வரைஞ்சதப் பாத்து நீங்க உண்மைங்கிறீங்க. அம்புட்டுதான். இதுல பாத்தவங்க யாருமே இல்ல.”

துரைச்சிங்கம் நின்றபடியே இருந்தார். கோபம்தான் வரும் என்று நினைத்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது. “எழவு வீட்டுல ஆயிரம் பேசுவோம்… பேசுனதையெல்லாமா எடுத்து வரைவாக…” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

அப்போது சுவரோரத்திலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்தார். சபரியின் அம்மா என்று பிறகுதான் தெரிந்தது. யாரையும் பார்க்காமல் தலைவரை மட்டும் பார்த்துப் பேசினார்.

“எம்மகனுக்கு நீச்சத் தெரியாது. தினகருக்கு நல்லாத் தெரியும், கெணத்துல பல்டி அடிப்பான். தெரிஞ்சவன் எதுக்குச் சாகணும்? இவனத் தூக்க எறங்குனதுனாலதான் செத்தான். நீச்சத் தெரியாதவன் கழுத்தக் கட்டிக்கிட்டா எவனாலயும் கரையேற முடியாது. ஒரு வருசமா எனக்குத் தெரியும். எங்கிட்ட யாரு கேட்டீக?”

முளைப்பாரிப் பேச்சைத் தலைவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. துண்டை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

நான் வரைபலகையைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது அழகுமலை வந்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல தாயி” என்றார். “கடையில வந்து ஒங்கிட்டதான கேட்டேன்.”

கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதைப் பார்க்காமல் நடந்துவிட்டார். பஸ் வரும்வரை நிழற்குடையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிர் டீக்கடையில் எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 23, திங்கள்

நான் போவதற்குள் செய்தி கடைக்குப் போய்விட்டது. சோணைமுத்து அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பேசினார்.

“சாவு வீட்டுக்காரன் எதையும் யோசிக்காம பர்சுல இருக்குற போட்டோவ உருவிக் குடுத்துட்டுப் போறான் ஜோதி. நம்மள நம்பிக் குடுக்குறான். எத்தன மூஞ்சிய எடுத்த?”

சொன்னேன். அவர் தன் சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்தார். அப்புறம், “எஞ்சட்டையயும் போட்டியா அதுல?” என்றார். இல்லை என்றேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. இனிமேல் சாவு போஸ்டரில் நான் கை வைக்கக்கூடாது, கல்யாணமும் காதுகுத்தும் மட்டும்தான். களை வரும் என்று சொன்ன வாயாலேயே சொன்னார். எதிரில் நிற்க முடியாமல், சரிங்கண்ணே என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஃபோல்டரை அழித்துவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

மூன்று நாளாக ஒரே வேலை. முதல் அத்தியாயத்திலிருந்து நிலனின் முகத்தை ஒவ்வொரு படமாக எடுத்துவிட்டு அங்கே என் முகத்தை வரைந்தேன். குட்டை மூக்கு, கண்ணாடி, நெற்றித் தழும்பு எல்லாவற்றோடும். நிலன் இனி நிலா. சிங்கராயரைத் தள்ளிவிடுகிற கையும் என் கைதான், அழித்த கையை மறுபடி வரைந்துவிட்டேன். இருக்கட்டும், தள்ளியவள் நான்தானே. மற்ற ஆட்களின் முகங்களையும் ஒவ்வொன்றாக மாற்றப் போகிறேன். ஏன் என்று கீழே ஒரு குறிப்பில் எழுதி, ‘கூகை’யை எடுத்துவிட்டு என் முழுப்பெயரை, நாகஜோதி என்று போட்டுவிட்டேன்.

இதற்குப் பிறகு புத்தகப் பேச்சு இல்லை என்றார் நிவேதன். பதிப்பகத்துக்காரர் பயந்துவிட்டாராம்.

மார்ச் 27, வெள்ளி

இருபத்தோராவது அத்தியாயம். வாசகர்கள் ஓட்டுப் போட்டபடி நிலாவைக் கொன்றுவிட்டேன். அழிப்பு இயந்திரத்துக்குள் என் முகம் தூள் தூளாகப் போவதை நிதானமாக வரைந்தேன். எல்லோரும் திருப்தியாகத் திட்டியிருந்தார்கள். எனக்கும் திருப்தி. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். தண்டனையை நானே எழுதி நானே நிறைவேற்றியாயிற்று, இனி யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது என்று இருந்தது.

ஏப்ரல் 3, வெள்ளி

முட்டாள். நான் சுத்த முட்டாள்.

காலையில் ரோகிணி எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் அழகுமலை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இப்போதுதான் குரலைக் கேட்கிறேன். நினைவஞ்சலி நல்லபடியாக நடந்தது, சபரி வீட்டிலிருந்தும் வந்தார்கள் என்றார். ஊரில் சாமி கும்பிடு முடிந்தது, பாப்பா முளைப்பாரி எடுத்தது என்றார். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“தாயி, பாப்பாகிட்ட அந்தக் கதைய எடுக்கச் சொன்னேன். ஆரம்பத்துலருந்து பாத்தேன். அவனக் காணோமே?”

“எடுத்துட்டேங்கய்யா. முழுசா எடுத்துட்டேன். இனிமே எங்கயும் இருக்காது.”

“பாலத்துல ஓடுனது?”

“அதுவும் எடுத்துட்டேங்கய்யா.”

“அதையுமா?” என்றார். “தள்ளிவிட்டத மட்டுந்தான தாயி எடுக்கச் சொன்னேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோற்றவனின் நகலும் அழிந்துவிடும், அதற்குப் பிறகு அவன் எங்குமே இல்லை என்று கதையில் விதி எழுதியவள் நான். அதையே அவர் மகனுக்கும் செய்துவிட்டு, பிராயச்சித்தம் செய்ததாக நினைத்து வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். என் கூச்சம் தீர வேண்டும் என்று பார்த்தேனே தவிர, அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் தடவையும் கேட்கவில்லை, இந்தத் தடவையும் கேட்கவில்லை.

“இப்ப நான் என்ன செய்யணும்ங்கய்யா? சொல்லுங்க” என்றேன்.

“ஆட்டம்லாம் வேணாம். ஓடிப் புடிக்கிறது, சாகுறது எதுவும் வேணாம். பின்னால எங்கயாச்சும் சும்மா இருக்கட்டும். வெள்ளிக்கெழமையான்னா ஒரு தடவ பாத்துக்குறேன்.”

ஏப்ரல் 10, வெள்ளி

இருபத்திரண்டாவது அத்தியாயத்தில் எல்லோரும் கத்தியும் ரத்தமுமாக ஓடிக்கொண்டிருக்கும் கூடத்தின் மூலையில், ஒரு பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவனை யாரும் தொடுவதில்லை. ஆட்டக்காரர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பதிவேற்றும் முன்பே ரோகிணிக்கு அனுப்பி, அப்பாவிடம் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொண்டேன்.

யார் இந்தப் பையன், இவன்தான் ஆட்டத்தை நடத்துகிறவனா என்று வாசகர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ஏழாவது இடத்துக்கு இறங்கியாயிற்று.

ஏப்ரல் 12, ஞாயிறு

அழகுமலை கூப்பிட்டார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

“நல்லாருக்கு தாயி. வெரசாச் சாப்புடுறான், அப்புடித்தான் சாப்புடுவான். ஒண்ணே ஒண்ணு. நீ குத்தம்னு நெனைக்கக் கூடாது. அன்னைக்கே பாத்தேன், சொல்ல வாய் வரல.”

“சொல்லுங்கய்யா.”

“அவென் எடது கைக்காரன். நீ சோத்துக் கையால சாப்புடுற மாதிரி போட்ருக்க.”

ஆறு மாதமாக அந்த முகத்தை வரைந்திருக்கிறேன். புருவம், பல் வரிசை, காது மடல் வரைக்கும் மனப்பாடம். அவனுக்கு எந்தக் கைப் பழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு போட்டோவில் இருந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டதே என்று உடம்பு கூசியது.

“மன்னிச்சிருங்கய்யா. இப்பவே மாத்திடுறேன்.”

“மாத்து. பெரிய மனுசங்க முன்னால எடது கையில சோத்தத் தொடுறான்னு எத்தன அடி அடிச்சிருப்பேன் தெரியுமா. கரண்டியச் சுட வச்சு ஒரு தடவ இழுத்துருக்கேன். அழுதுக்கிட்டே சோத்துக் கையில ரெண்டு வாய் தின்பான், நான் அங்கிட்டுத் திரும்புனதும் கை மாத்திக்கிருவான். அங்க இப்ப அடிக்கிறதுக்கு ஆளில்ல. அவென் இஷ்டத்துக்குச் சாப்புடட்டும்.”

சரிங்கய்யா என்றேன். படத்தைத் திறந்து, வலது கையை அழித்துவிட்டு இடது கையை வரையத் தொடங்கினேன். கண் மறைத்துக்கொண்டே இருந்தது, விரல்கள் சரியாக வரவில்லை. மறுபடி வரைந்தேன்.